நடுவயதில் வகுப்பு, பொழுதுபோக்கு, குடும்பம், சிரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பெரியவர்களுக்கான வகுப்புகளுக்கு ஆள் சேர்ப்பது, அறை பார்த்துக் கொடுப்பது, வாட்ஸ்அப் குழுவைக் கவனிப்பது என்று தொண்டூழியம் செய்கிறேன். பாட்டு, உக்குலேலே (நாலு கம்பிச் சின்ன கிட்டார்), நீச்சல், கேக், தோட்டம் என்று எதில் சேர வருபவர்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பேச்சு கட்டணத்தில் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் சிரிப்புக்கு வந்துவிடும். என்னைப் பார்த்துச் சிரிப்பார்களா, நான் சிரித்தால் தப்பா, வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லையே என்று. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எனக்கு நாப்பத்தேழு வயசு. இப்போ போய் பாட்டு வகுப்புல உட்கார்ந்தா எல்லாரும் சிரிக்க மாட்டாங்களா?

சிரிப்பார்கள். ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரிச் சிரிப்பு அங்கே இருக்காது. பெரியவர்கள் வகுப்பில் எல்லோருக்கும் சுருதி விலகுகிறது, எல்லோருக்கும் தாளம் முன்னாலோ பின்னாலோ ஓடுகிறது. முதல் வாரம் ஒருவரும் வாயை முழுதாகத் திறப்பதில்லை. அப்புறம் ஒருநாள் யாராவது ஒருவர் மேல் ஸட்ஜத்தை எட்டப்போய்க் குரல் கீச்சென்று உடையும், அவரே முதலில் சிரிப்பார், கூடவே எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நாளிலிருந்துதான் எல்லோரும் சத்தமாகப் பாட ஆரம்பிக்கிறார்கள் என்பதை வகுப்புக்கு வகுப்பு பார்த்துவிட்டேன்.

ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கடைத்தொகுதிகளிலும் நடைபாதைகளிலும் மக்கள் தானாகச் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துவைத்து ஆராய்ந்தார். துணுக்கு என்று சொல்லத்தக்க ஒன்றுக்குப் பிறகு வந்த சிரிப்பு அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மற்றதெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" மாதிரி சாதாரணப் பேச்சுக்கு வந்தவை. தனியாக இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது நாம் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். ஆகவே வகுப்பில் சிரிப்பு கேட்டால் உடனே நம்மைத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் நெருங்கி உட்கார்ந்தாலே அது வந்துவிடும்.

சரி, எங்க தேடுறது? ரொம்ப செலவாகுமா?

சமூக மன்ற வகுப்புகள் மக்கள் கழகத்தின் ஒன்பிஏ (onePA) இணையத்தளத்தில் வட்டாரவாரியாக இருக்கின்றன. கர்நாடக இசை, பரதம், வீணை என்று போக விரும்பினால் 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறது, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் தீவு முழுக்க இருக்கிறார்கள். 50 வயதாகிவிட்டதென்றால் தேசிய முதியோர் பயிலகத்தைப் பாருங்கள், அங்கே பல படிப்புகளுக்குக் கட்டணத்தில் பாதிவரை மானியம் உண்டு.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை, வேலைத்திறன் சார்ந்த குறிப்பிட்ட படிப்புகளுக்குத்தான். உக்குலேலேவுக்கு அதை எடுக்க முடியாது. பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு நகைச்சுவை உணர்வே கிடையாதுன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கெல்லாம் இது சரிப்படுமா?

துணுக்கு சொல்ல வராது என்பதைத்தான் பலரும் நகைச்சுவை உணர்வு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. அன்றாட வாழ்க்கையில் சிரிப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கண்ணும் காதும் போதும், வாய்ச்சாமர்த்தியம் தேவையே இல்லை. என் அனுபவத்தில் அதிகம் பேசாதவர்கள்தான் நன்றாகக் கவனிக்கிறார்கள், அவர்கள் என்றைக்காவது ஒருநாள் ஒன்றைச் சொன்னால் அறையே குலுங்குகிறது.

வகுப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது சொன்ன ஒரு வாக்கியத்தை, சொன்னபடியே, அலங்காரம் பண்ணாமல் எழுதுங்கள். கேக் வகுப்பில் கணக்காய்வாளர் ஒருவர் இருந்தார். "ஒரு சிட்டிகை உப்பு" என்று ஆசிரியை சொன்னதும் கையை உயர்த்தி, "எத்தனை கிராம்?" என்று கேட்டார். "அது உங்க விரலைப் பொறுத்தது, அண்ணே" என்றார் ஆசிரியை. அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் இரண்டு விரலால் உப்பைக் கிள்ளித் தராசில் போட்டு, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். பக்கத்திலிருந்தவரும் தன் விரலால் கிள்ளி நிறுத்தார், அதற்கடுத்தவரும் நிறுத்தார், கடைசியில் அடுப்பு சூடாகி வகுப்பு முழுக்க உப்பு நிறுத்துக்கொண்டிருந்தது. இதில் யாரும் வேடிக்கை பண்ண நினைக்கவில்லை, எல்லோரும் மும்முரமாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தச் சிரிப்புத்தான் ரொம்பப் பிடிக்கும்.

வகுப்புல விழுந்து விழுந்து சிரிச்சோம். வீட்டுக்கு வந்து சொன்னா யாருமே சிரிக்கல. ஏன்?

"இன்னிக்கு ஒரு காமெடி நடந்துச்சு" என்று ஆரம்பித்திருப்பீர்கள். கேட்பவர் உடனே பரிசோதகர் ஆகிவிடுவார். அப்படிச் சொல்லாமல், நேராக ஆளையும் இடத்தையும் வைத்துத் தொடங்குங்கள். அவர் கையில் என்ன இருந்தது, என்ன வார்த்தை சொன்னார் என்பது இருக்கட்டும், "ரொம்ப வேடிக்கையா இருந்துச்சு" என்பதெல்லாம் வேண்டாம்.

எங்கள் பாட்டு வகுப்பு அக்கா ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன். அவர் தினமும் சமையலறையில் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையைச் சாதகம் பண்ணுகிறவர், ஒவ்வொரு முறையும் "ம"வில் தடுக்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருநாள் மின்தூக்கியில் மேல்மாடிச் சீனப் பெரியவர், கையில் கைலான் கீரைக்கட்டு. வழக்கமாகத் தலையசைப்பதோடு சரி. அன்றைக்கு அவர் மாடி வந்து கதவு திறந்ததும், வெளியே ஒரு கால் வைத்தவர், திரும்பி, "ஸ, ரி, க, ம" என்று சுத்தமாகப் பாடிவிட்டு, "எப்பவும் இங்கேயே நிறுத்திவிடுகிறாய், இதற்கப்புறம் என்ன வரும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கதவு மூடப் பார்க்கிறது, அக்கா பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு "ப, த, நி, ஸ" என்று பாடிக் காட்டினார். பெரியவர் "ஓ" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். அக்கா இதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அந்த "ஓ"வில் நிறுத்திய இடம்தான் சரியான இடம். நாம் பொதுவாக அதற்கப்புறமும் இரண்டு நிமிடம் விளக்கம் சொல்லிச் சிரிப்பைத் தண்ணீராக்கிவிடுகிறோம்.

கண்ணு தெரியல, விரல் வளையல, முட்டி வலிக்குது. இதுல எங்கேயிருந்து சிரிப்பு வரும்?

முதலில் கஷ்டத்தைக் குறைப்போம். வெள்ளெழுத்து, அதாவது கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரிவது, 40 வயதையொட்டித் தொடங்குவது, கண்ணின் வில்லை நெகிழ்வு குறைவதால் எல்லோருக்கும் வருவது. படிக்கிற கண்ணாடி புத்தகத் தூரத்துக்காகச் செய்தது, இசைத்தாள் நிறுத்தி வைக்கும் தாங்கி அதைவிடத் தள்ளி இருக்கும். கண்ணாடிக் கடையில் அந்தத் தூரத்தை அளந்து சொல்லிக் கேளுங்கள். தாளைப் பெரிதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் செய்தவுடன் "எனக்குப் பாட்டு வரல" என்றவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டு வந்துவிடுகிறது.

அதற்கப்புறம் மிஞ்சுவதில் சிரிப்பு தாராளமாக இருக்கிறது. உக்குலேலே வகுப்பில் ஒருநாள் மூன்று பேர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தார்கள். நாலாவது ஆளின் ஒரே கண்ணாடி, பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் மூக்காகக் கைமாறிக்கொண்டே போனது, கண்ணாடி வந்தவர் வாசிப்பார், போனவர் பாடுவார். ஆசிரியர் நிறுத்தச் சொல்லவில்லை, தாளத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார். ஆனால் வலி விஷயம் தனி. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வலித்தால் மருத்துவரிடம் போங்கள், அதை மட்டும் சிரித்து மழுப்ப வேண்டாம்.

நான் நீச்சல் கத்துக்கறேன். பிள்ளைங்க நான் நீந்துறதை நடிச்சுக் காட்டி கிண்டல் பண்றாங்க. எனக்கு அது பிடிக்கல. சொன்னா "அப்பாவுக்கு ஜோக் புரியல"ங்கறாங்க.

உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்வதற்கு முழு உரிமை உண்டு. இதை யோசிக்கத் தொல்காப்பியம் எனக்கு உதவுகிறது. அதில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லியிருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது ஒருவரைத் தாழ்த்திச் சிரிப்பது. இளமை, குழந்தைத்தனத்தால் வரும் சிரிப்பு. பேதைமை, தெரியாமையால் வருவது. மடன், சொல்லிக்கொடுத்ததை அப்படியே விடாமல் பிடித்துக்கொள்வதால் வருவது. கேக் வகுப்பில் உப்பை எடைபோட்ட கணக்காய்வாளர் இந்தக் கடைசி வகை. புதிதாக ஒன்றைக் கற்கும் வயதுவந்தவர்களிடம் பின்மூன்றும் கொட்டிக் கிடக்கும், அவற்றில் யாருக்கும் காயமில்லை.

பிள்ளைகள் செய்வது எது என்று பாருங்கள். நீங்கள் மூச்செடுக்கத் தலையைத் தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வதை அவர்கள் நடித்துக் காட்டினால் அது கவனிப்பு. "அப்பாவுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று முடித்தால் எள்ளல். முன்னதுக்குச் சேர்ந்து சிரித்துவிட்டு, பின்னது வரும்போது, கோபப்படாமல், "இது எனக்கு வலிக்குதுப்பா" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீண்ட உரை ஏறாது, ஒரு வரி ஏறும். இன்னொன்றும் பலருக்குப் பலித்திருக்கிறது: ஒருநாள் அவர்களை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போய் உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். கற்றுக்கொடுப்பவருக்கு எள்ளல் செய்ய நேரமே இருக்காது.

என் வீட்டுக்காரர் எதுக்கும் வரமாட்டார். வேலை விட்டா சோபா, சோபா விட்டா போன். தனியா சிரிச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றது ஒரு மாதிரியா இருக்கு.

வகுப்புக்கு இழுக்காதீர்கள். இழுத்து வந்தவர்கள் பின்வரிசையில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேருக்கும் மனக்கசப்புத்தான். அவருக்கு வீட்டிலேயே ஒரு சின்ன வேலை கொடுங்கள். தாளம் போடுவது, நீங்கள் செய்த கேக்கைக் குறை சொல்லாமல் ருசி பார்ப்பது, தொட்டியைத் தூக்கி வைப்பது. ஒரு வீட்டில் கணவருக்கு உக்குலேலேவின் சுருதி சேர்க்கும் வேலை வந்தது, கைபேசியில் அதற்கென்று செயலி இருப்பதால் கைபேசியை வைக்கச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. சில வாரம் கழித்து அவர் மனைவி வாசிக்கும்போது அறைக்குள்ளிருந்து "மூணாவது கம்பி இறங்கியிருக்கு" என்று குரல் வந்ததாம். அந்த அம்மா இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும்.

நாலாவது கேள்வியில் சொன்னபடி ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் கொண்டுபோங்கள். முழு வகுப்பையும் ஒப்பிக்க வேண்டாம். அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லாவிட்டாலும் அடுத்த வாரம் "அந்த உப்புக்காரர் வந்தாரா?" என்று கேட்டால் உங்களோடு அவரும் வகுப்பில் இருக்கிறார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுல சத்தமா பயிற்சி பண்ணினா பக்கத்து வீட்டுக்காரங்க புகார் கொடுக்க மாட்டாங்களா?

இரவு 10:30 முதல் காலை 7 வரை அமைதி நேரம் என்பது பொதுவான வழிகாட்டி, கைக்குழந்தையோ இரவுப்பணி செய்பவரோ பக்கத்தில் இருந்தால் அதற்கும் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். மிருதங்கம், தவில் என்றால் சுவரோடு ஒட்டி உட்காராமல், அடியில் தடித்த பாய் போட்டு, சாயங்காலம் வாசியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தட்டு முறுக்கோடு போய், "நான் கத்துக்கறேன், தொந்தரவா இருந்தா தயங்காம சொல்லுங்க" என்று சொல்லிவிடுவதற்கு ஈடே கிடையாது. கதவு ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் மின்தூக்கிப் பெரியவர் மாதிரி ஆட்கள் கிடைப்பார்கள். அப்படியும் தகராறு முற்றினால் சமூக சமரச நிலையம் இருக்கிறது.

செடி வளர்க்கிறது மட்டும்தான் எனக்குப் பொழுதுபோக்கு. செடிகிட்ட என்ன சிரிப்பு?

செடியிடம் இல்லை என்றாலும் செடிக்காரர்களிடம் நிறைய இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் சில பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள பாத்திகளை மூன்று ஆண்டுக்கு வாடகைக்குத் தருகிறது, கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கலில் பெயர் வரவேண்டும். அந்த அளவு இடத்தில் நம் ஆட்கள் என்னென்னவெல்லாம் திட்டமிடுகிறார்கள் என்று பாருங்கள்: வெண்டை, கத்தரி, அகத்தி, பந்தல் போட்டுப் புடலை, நடுவில் கறிவேப்பிலை மரம். முருங்கைக்கும் இடம் கேட்டு அளவுநாடா பிடித்தவரை எனக்குத் தெரியும்.

எல்லோருக்கும் வெண்டை ஒரே வாரத்தில் காய்க்கும், அதுதான் விசேஷம். பக்கத்துப் பாத்திக்காரருக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனால் அவரும் ஒரு பை வெண்டையோடு உங்களை நோக்கி வந்துகொண்டிருப்பார். இரண்டு பேரும் மாற்றிக்கொண்டு அதே அளவு வெண்டையோடு வீட்டுக்குப் போவார்கள், ஆனால் அரைமணி நேரம் பேசிச் சிரித்திருப்பார்கள். நடைபாதையில் தொட்டி வைப்பவர்கள் கவனிக்க: 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்கவேண்டும், அது தீப்பாதுகாப்பு விதி. தொட்டித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கி கொசு முட்டையிட அது போதும்.

டீச்சர் என் பொண்ணு வயசு. எப்படிக் கூப்பிடறது? திட்டினா என்ன பண்றது?

"டீச்சர்" என்றே கூப்பிடுங்கள், வயது பார்க்க வேண்டாம். அவர் உங்களை "ஆன்ட்டி", "அங்கிள்" என்பார், அதுவும் சரிதான். "ஆன்ட்டி, உங்க விரல் எங்கே போகுது?" என்று அவரும், "தெரியல டீச்சர்" என்று நீங்களும் சொல்லும்போது இரண்டு பக்கமும் மரியாதை குறையாமலே ஒரு சிரிப்பு வரும். நல்ல இளம் ஆசிரியர்களுக்குப் பெரியவர்களைத் திருத்தக் கூச்சம் உண்டு, நீங்களே முதல்நாள் "தயங்காம திருத்துங்க" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் எல்லோர் முன்னாலும் ஒருவரை வெட்கப்படுத்தி மற்றவர்களைச் சிரிக்கவைக்கும் ஆசிரியர் என்றால், வகுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துப்போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சிரிப்பு யோகாவுக்குப் போகலாமா? காலையில ப்ளாக்குக்குக் கீழே சில பேர் கைதட்டிச் சிரிக்கிறாங்க.

தாராளமாக. 1995இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு தொடங்கியது அது. முதலில் துணுக்குகள் சொல்லித்தான் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் நல்ல துணுக்குகள் தீர்ந்து, பிறர் மனத்தைப் புண்படுத்துகிற துணுக்குகள் வர ஆரம்பித்தன. அப்போதுதான் துணுக்கே இல்லாமல் சிரிக்கும் பயிற்சிக்கு மாறினார்கள். குடல் இறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை, கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்க வகுப்புல சீனர், மலாய்க்காரர், நாம எல்லாரும் இருக்கோம். எதுக்கு சிரிக்கலாம், எதுக்கு சிரிக்கக்கூடாதுன்னு பயமா இருக்கு.

இந்தப் பயம் இருப்பது நல்லதுதான். உச்சரிப்பு, சாப்பாடு, நிறம், வழிபாடு இவற்றை வைத்து யாரையும் சிரிக்கவைக்க முயலாதீர்கள், எதிரில் இருப்பவரும் சேர்ந்து சிரித்தாலும்கூட. இங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படிச் சிரித்துச் சமாளித்துப் பழகியவர்கள் நிறையப் பேர், அதில் நம்மவர்களும் உண்டு, அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும்.

எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் தடுமாற்றத்துக்குச் சிரியுங்கள். நடன வகுப்பில் இடது என்று சொன்னதும் பாதிப் பேர் வலது பக்கம் போவது எந்த மொழிக்காரருக்கும் நடக்கிறது. கோலம் போடும் வகுப்புக்கு வந்த ஒரு மலாய் அம்மா, புள்ளி வரிசையை எண்ணி முடித்து, ஒரு புள்ளி கூடுதலாக இருக்கிறதே என்று திரும்பத் திரும்ப எண்ணினார். அது தரையில் ஏற்கெனவே இருந்த கறை. அவர் அதையும் சேர்த்து ஒரு வளைவு போட்டுக் கோலத்தை முடித்துவிட்டார், நன்றாகவே இருந்தது, அதற்கப்புறம் எல்லோரும் அந்த வளைவையும் போட்டார்கள். சந்தேகம் வந்தால் மேலே சொன்ன தொல்காப்பியத்தின் நான்கையும் நினைத்துக்கொள்ளுங்கள், எள்ளல் பக்கம் சாய்கிறதென்றால் வாயை மூடிக்கொள்வதே நல்லது.

வகுப்புல நடக்கிற வேடிக்கையை வீடியோ எடுத்து குழுவுல போடலாமா?

படத்தில் இருப்பவரிடம், போடுவதற்கு முன்னால், அவர் பார்த்த பிறகு கேளுங்கள். "போட்டுட்டேன், பரவாயில்லையா?" என்பது கேட்பதாகாது. நீச்சல் வகுப்பில் எடுக்கவே வேண்டாம். குழுவில் போட்டது மாலைக்குள் அடுத்த குழுவுக்குப் போய்விடும், அங்கே அவரை யாருக்கும் தெரியாது, தெரியாதவர்கள் நடுவில் எல்லாமே எள்ளலாகிவிடும்.

அம்மாவுக்கு மறதி நோய். சில நேரம் அவங்க சொல்றதைக் கேட்டா சிரிப்பு வந்துடுது. சிரிச்சிட்டு அப்புறம் அழறேன். இது பாவமா?

பாவம் இல்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு தனியாக நின்று இதைக் கேட்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை. பகலெல்லாம் வேலை, பிள்ளைகள், அம்மாவின் மருந்து என்று ஓடுகிறவருக்குச் சிரிப்பு வந்தால் வரட்டும். ராபின் டன்பார் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களோடு சேர்ந்து சிரித்த பிறகு வலியைத் தாங்கும் அளவு கூடுவதைக் கண்டார்கள். உங்களுக்கு அந்தப் பலம் தேவைப்படுகிற காலம் இது.

அம்மாவின் முகத்தை முதலில் பாருங்கள். அவர் மகிழ்ச்சியாக, உங்களைத் தன் அக்கா என்று நினைத்து, "மாமா வீட்டுக்கு எப்போ போறோம்?" என்று கேட்டால், "இல்லம்மா, மாமா இறந்து எத்தனை வருஷமாச்சு" என்று திருத்தவேண்டியதில்லை. "அங்கே போனா என்ன சாப்பிடலாம்?" என்று கேளுங்கள். ஒரு மகள் அப்படிக் கேட்டதற்கு அந்தம்மா பதினைந்து பேருக்கு விருந்துப் பட்டியலே சொல்லி, கடைசியில், "உனக்கு மட்டும் பாயசம் கிடையாது, போன தடவை மொத்தத்தையும் நீயே குடிச்சே" என்றாராம். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள், அந்தச் சிரிப்பில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. அவர் பயந்தோ குழம்பியோ இருக்கிறார் என்றால் சிரிப்பை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை வேறொருவரிடம் அவர் எதிரிலேயே வேடிக்கையாகச் சொல்லாதீர்கள், வார்த்தை புரியாவிட்டாலும் தொனி புரியும்.

அம்மாவைக் காரணமாக வைத்து வகுப்பை நிறுத்த நினைக்கிறீர்கள் என்றால், நிறுத்துவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் தீவில் பல இடங்களில் இருக்கின்றன. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடமோ டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பிடமோ கேட்டால் உங்கள் வட்டாரத்தில் எது இருக்கிறது, என்ன மானியம் கிடைக்கும் என்று சொல்வார்கள். இடம் கிடைக்க நாளாகலாம், அதனால் இப்போதே கேட்டு வையுங்கள். அதுவரை வகுப்பு ஒருங்கிணைப்பாளரிடம் நிலைமையைச் சொல்லுங்கள், பாதி வகுப்புக்கு வந்துவிட்டுப் போகலாமா என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் அப்படிப் பலருக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம்.